லிஃப்ட் பழுது

"லிஃப்ட் ஓடலையாம். போர்டு மாட்டியிருக்காங்க பாருங்க" என்றாள் மனைவி, முகத்தை முடிந்த அளவுக்குச் சோகமாக வைத்துக்கொண்டு.

லிஃப்ட்காரர் கதவின் கைப்பிடியில் தொங்கிய போர்டைப் பார்த்தார். பிறகு படிகளைப் பார்த்தார். வீடு நான்காவது மாடியில்.

பெரிய துணிக்கடை ஒன்றில் நாற்பது வருஷம் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். எழுபதைத் தாண்டியும் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். கொஞ்சம் நடங்களேன் என்றால் போதும், நாற்பது வருஷமாக ஏறி இறங்கினவனை இன்னும் என்ன ஏறச் சொல்கிறாய் என்பார். அத்தனையும் முக்காலியில் உட்கார்ந்தபடி ஏறி இறங்கியது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

போன வாரம் இருவரும் டாக்டரிடம் உடம்பைக் காட்டப் போயிருந்தார்கள். அவரை எடை பார்க்க வெளியே அனுப்பிவிட்டு, டாக்டர் அவளிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"சர்க்கரை எகிறிக்கிட்டே போகுது. இப்படியே உட்கார்ந்திருந்தார்னா இன்னும் ஒரு வருஷத்துல கட்டிலோட கட்டிலா ஆயிடுவார். எப்படியாவது அவரை நடக்க வைங்கம்மா."

வரிசையில் நின்று மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பும்வரை அவளுக்குப் படபடப்பு அடங்கவில்லை. இவரோ டாக்டர் அறையில் உட்கார்ந்து சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். மனுஷர் அசைந்து கொடுக்கவில்லை. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. போர்டு தொங்கினால் பட்டனில் விரல் வைக்கக் கூடாது என்பது அவர் தொழிலின் முதல் பாடம். கடை முதலாளியே ஒருமுறை போர்டைத் தள்ளிவிட்டு உள்ளே வரப் பார்த்தபோது, படிப்பக்கம் கையைக் காட்டியவர் அவர். பெண்டாட்டி பேச்சை மீறுவார், டாக்டர் பேச்சை மீறுவார். போர்டை மீற மாட்டார்.

ஒரு பலகையில் 'லிஃப்ட் பழுது' என்று எழுதிச் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டாள். அவர் தலை தெரிந்தால் யாரும் லிஃப்டில் ஏறக் கூடாது. அவர் டி.வி. முன்னால் உட்கார்ந்த பிறகு தாராளமாகப் போய் வரலாம். லிஃப்ட் மோட்டார் அவர்கள் வீட்டுக்கு நேர் மேலே மொட்டை மாடியில்தான் இருந்தது. ஆனாலும் அவர் வைக்கிற டி.வி. சத்தத்தில் இடி விழுந்தால்கூடக் கேட்காது என்பது அவள் தைரியம். என்ன பழுது என்று கேட்டால் சொல்வதற்கு, ஏதோ ஒரு சாமான் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்று வாட்ச்மேனுக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தாள்.

அவள் அதிர்ஷ்டம், அவர் கேட்கவே இல்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"தனியா ஏறினா எனக்குத் தலை சுத்துது. நீயும் கூட வா."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாயிற்று. பால்கனியிலிருந்து கூடையைக் கயிற்றில் இறக்கியே காய்கறி வாங்கிப் பழகியவள் அவள். இப்போது காலையில் கடைக்கு, மாலையில் பூங்காவுக்கு என்று அவர் இறங்கும்போதெல்லாம் அவளும் இறங்கி ஏற வேண்டியிருந்தது. இரண்டாவது மாடி வருவதற்குள் முட்டி இரண்டும் அழுதன. நல்லவேளை, ஒவ்வொரு திருப்பத்திலும் அவரே, "இரு, மூச்சு வாங்குது" என்று நின்றுவிடுவார். பாவம், இவருக்கு எவ்வளவு முடியாமல் போய்விட்டது என்று இரக்கப்பட்டுக்கொண்டே அவளும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து மூச்சு விடுவாள்.

ஒரு நாள் குட்டு உடைந்திருக்கும். இவர்கள் கீழே வந்து சேர்ந்த நேரம் பார்த்து லிஃப்ட் கதவு திறந்து, மூன்றாவது மாடி டீச்சர் வெளியே வந்தாள். அவரைப் பார்த்ததும் டீச்சருக்கு வாய் குழறியது.

"உள்ள... தூசியா இருந்துச்சு. பெருக்கிட்டு இருந்தேன்."

டீச்சர் கையில் இருந்தது கைப்பையும் குடையும். அவர் இரண்டையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, "மூலையிலயும் நல்லாப் பெருக்குங்க டீச்சர்" என்று சொல்லிப் பூங்காவுக்கு நடந்தார். இவ்வளவு அப்பாவியா இந்த மனுஷர் என்று அவளுக்குப் பாவமாகவே இருந்தது.

மூன்று மாதம் கழித்து டாக்டர் காகிதங்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். அவருக்குச் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. இருவருமே தேறிவிட்டீர்கள், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

இனியும் அவரை ஏமாற்ற வேண்டாம், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள். மறுநாள் காலை அவர் குளிக்கப் போன நேரத்தில் கத்தரிக்கோலோடு கிளம்பினாள். நான்கு மாடியும் விறுவிறுவென்று இறங்கிய பிறகுதான் லிஃப்டில் வந்திருக்கலாமே என்று தோன்றியது.

சணல் கயிற்றை வெட்டினாள். போர்டு விழவில்லை. பிடித்து இழுத்தாள். அசையவும் இல்லை. பின்னால் எட்டிப் பார்த்தால், கதவின் கைப்பிடியோடு சேர்த்துச் செம்புக் கம்பியால் இறுக்க முறுக்கியிருந்தது.

"அது கத்தரிக்கோலுக்கு மசியாதும்மா" என்றான் வாட்ச்மேன். "கயிறு இத்துப்போய் போர்டு விழுந்துடக் கூடாதுன்னு ஐயாதான் ரெண்டாம் நாளே வந்து முறுக்கிட்டுப் போனாரு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவருக்கு எப்படித் தெரியும்?"

"தலைக்கு மேல லிஃப்ட் மோட்டார் ஓடுறது எனக்காடா கேக்காதுன்னு சிரிச்சாரு. 'அம்மா காதுல மட்டும் போட்டுடாதே. அவ காலுல பலமே இல்ல, இப்படியே வீட்டுக்குள்ள இருந்தா கட்டிலோட கட்டிலா ஆயிடுவான்னு டாக்டர் என்கிட்ட தனியா சொல்லியிருக்காரு. இந்த போர்டு தொங்குற வரைக்கும்தான் அவ படி ஏறுவா'ன்னாரும்மா."