பொட்டு வைத்த பாட்டில்

பாப்பிரெட்டிப்பட்டியில் அங்கம்மாள் வூட்டுச் சாமி மாடத்தில், முருகனுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் நிற்கிறது. இமயமலை முள்செடியின் பழச்சாறு. லேபிளில் பனிமலையைப் பார்த்து, கைலாசத்துச் சரக்கென்று அங்கம்மாள் குங்குமம் வைத்துவிட்டாள். முருகனைவிட அதற்குத்தான் பொட்டு பெரிது. அதைக் கொண்டுவந்து கொடுத்து, சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொன்னவர் அவள் தம்பி நவநீதன். இப்போது அங்கம்மாளின் கால்விரல் கறுத்துக் கிடக்கிறது. கட்டுத்துணியை ஒரு ஈ சுற்றிச் சுற்றி வருகிறது. "வடக்க மலைசனங்க காலங்காலமா குடிக்கிறாங்கக்கா. புண்ணு, இருமல், வயித்துவலி, எல்லாத்துக்கும் இதுதான்" என்கிறார் நவநீதன், தட்டில் களி விழக் காத்தபடி. பேச்சோடு பேச்சாக, சட்டைப்பையிலிருந்து ஒரு நீல அட்டையை எடுத்து, மாத்திரையைப் பிதுக்கி வாயில் போடுகிறார். அங்கம்மாளின் மகள் சசிகலாவின் கரண்டி அப்படியே நிற்கிறது. அந்த நீல அட்டை அவளுக்குத் தெரியும். அம்மா நிறுத்திய அதே மாத்திரை.

"அது எதுக்குங்க மாமா?"

"சக்கரைக்கு, கண்ணு. சோத்துக்கு முன்னால தவறாம போடணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

சசிகலா அவர் பையிலிருந்து அட்டையை உருவி அம்மா மடியில் போடுகிறாள். களித்தட்டு அவர் முன்னாலிருந்து போய்விடுகிறது. அந்த இடத்தில் கைலாசத்துச் சரக்கு, குங்குமத்தோடு, டங்கென்று வந்து உட்காருகிறது.

"குடிங்க மாமா. மலைசனங்க காலங்காலமா குடிக்கிறாங்களாம்."