பாலத்துக்கு அந்தப் பக்கம்

பூனைக் கூடையோடு அந்தப் புதிய பிராணிகள் கிளினிக்குக்குள் நுழைந்த பெரியவர், ரிசப்ஷனில் இருந்தவளைக் கேள்விகளால் துளைத்தெடுத்தார்.

"இவன் நூல்கண்டை முழுங்கித் தொலைச்சிட்டான். ஆபரேஷனை டாக்டரம்மாவே பண்ணுவாங்களா? மயக்க மருந்து யார் குடுப்பாங்க?"

"எல்லாம் அவங்களே பாத்துப்பாங்க சார். நீங்க எந்த ஏரியா?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம்."

அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "அங்கதான் ரொம்ப வருஷமா ஒரு டாக்டர் இருக்காரே! கைராசிக்காரர்னு ஊரே சொல்லுது. எங்க டாக்டர் நேர்ல போய்க் கூப்பிட்டும், திறப்பு விழாவுக்கு வராம மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டார். அவரை விட்டுட்டு இங்கயா?"

"அவரை நம்ப முடியாதும்மா. காலையில இவனை மேஜையில படுக்க வெச்சதுமே அவருக்குக் கை நடுங்கிடுச்சு. கத்தியைக் கீழ வெச்சுட்டார்."

"ஐயோ பாவம், வயசாயிடுச்சு போல!" அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. "எங்க டாக்டரைப் பத்தி யார் சொன்னாங்க?"

"எங்க தெரு நாய்ங்கதான். இவங்க கருத்தடை பண்ணி விட்ட ஒவ்வொண்ணையும் பிடிச்சுப் புரட்டித் தையலைப் பாத்தேன். என்ன சுத்தம், என்ன நறுவிசு!"

பேச்சுக்குரல் கேட்டு வெளியே வந்த டாக்டரம்மா திகைத்து நின்றார். "சார், நீங்களா? கிளினிக்கை விட்டுட்டு இவ்வளவு தூரம்..."

ரிசப்ஷனில் இருந்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பெரியவர் கூடையை நீட்டினார். "ஊர்ப் பூனைக்கெல்லாம் நடுங்காத கைம்மா. என் பூனைன்னதும் நடுங்குது."