அன்செல்மோவின் எலும்புகள்

ஞாயிறு பூசை முடிந்ததும், சமாதானம் பேச கோயில் வாசலில் பாய் விரித்தார்கள். ஒரு பக்கம் கறுப்புடையில் டொமிங்காஸ். எதிரே, இருபது வருடம் கழித்து இந்தோனேசியாவிலிருந்து எல்லை தாண்டிக் கிழக்குத் திமோருக்குத் திரும்பிய செஃபெரினோ. விடுதலைக் கலவரத்தின்போது அவள் கணவன் அன்செல்மோவை லாரியில் இழுத்துப் போனவன் அவன்தான். அன்செல்மோ திரும்பவே இல்லை.

பாதிரியார் வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்தார்.

"உன்னை மன்னிச்சுட்டேன் அண்ணே," டொமிங்காஸ் முந்திக்கொண்டாள். "எங்க புதைச்சேன்னு மட்டும் சொல்லு."

செஃபெரினோ ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினான்.

"வாயைத் திறடா, கொலைகாரா!" கூட்டம் கத்தியது.

அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு கையெலும்பாவது காட்டு அண்ணே. இத்தனை வருஷமா காலிக் கல்லறையிலதான் மெழுகுவத்தி கொளுத்தறேன்."

அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. அவள் காதருகே குனிந்தான்.

"எலும்பு இல்ல தங்கச்சி. எல்லை தாண்டினதும் நான் அவனை இறக்கி விட்டுட்டேன். அங்கதான் இருக்கான். வேற பொண்டாட்டி, மூணு பிள்ளைங்க. செத்ததாவே இருக்கட்டும்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான்."

டொமிங்காஸ் காலை விடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"கொன்னுட்டேன்னே சொல்லிடு அண்ணே... உன்னைன்னா என்னால மன்னிக்க முடியும்."