பூசணிக்கொடி மீது ஒரு புகார்

“உங்க வார்டுல ஒரு பூசணிக்கொடியை அடக்க முடியல. நீங்க சாக்கடையைச் சரி பண்ணப் போறீங்களாக்கும்!”

எதிர்க்கட்சி உறுப்பினர் இப்படிச் சொன்னதும் நகரசபைக் கூட்டமே சிரித்தது. கவுன்சிலரம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது.

தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. “புகார் மேல புகார் வந்துக்கிட்டே இருக்கு. நாளைக்குக் காலையில ஆள் அனுப்பி, அந்த வேலியோரம் இருக்கிற எல்லாத்தையும் வெட்டிடுங்க” என்று உத்தரவு போட்டுவிட்டார்.

வெட்டப்போவது ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வீட்டுத் தோட்டத்தை. பூசணி, கத்தரி, மிளகாய் என்று பார்த்துப் பார்த்துப் போட்டது அவர் மனைவி. அந்த அம்மா காலமான பிறகு டிரைவர்தான் கவனித்துக்கொள்கிறார்.

அது யார் கண்ணை உறுத்தியதோ, கவுன்சிலரம்மாவின் போனுக்கு அடிக்கடி ஒரு பெண் குரல் வரும். பேர் சொல்லாது. வாயைத் துணியால் மூடிக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும்.

“கொடி தெருவிளக்கை மறைக்குது.”

“உரக்குழி நாறுது.”

“வேலி ரோட்டுக்கே வந்துடுச்சு.”

இவர் எடுக்கவில்லையென்றால் நகரசபைக்கே கூப்பிட்டுவிடும்.

இவரும் போய் டிரைவரிடம் சொல்வார். டிரைவர் போடுகிற சத்தத்தில் தெருவே வெளியே வந்து நிற்கும். கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே மண்வெட்டியைத் தூக்குவார்.

இன்றைக்கும் கூட்டம் முடிந்த கையோடு போனார்.

“ஐயா, இந்தத் தடவை என் கையில இல்ல. வேலியோரம் எல்லாத்தையும் வெட்டச் சொல்லிட்டாங்க.”

“வெட்டுறதா? எவன் வர்றான்னு பார்க்கிறேன்! என்னைத் தாண்டி ஒரு இலையைத் தொடட்டும்!”

வழக்கமான சத்தம்தான். ஆனால் அதற்கு மேல் போகவில்லை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“கொடியை வேணா வெட்டிக்கட்டும்மா. அந்தக் கத்தரிப் பாத்தியை மட்டும் விட்டுடச் சொல்லுங்க. அது அவ கை பட்ட மண்ணு.”

கவுன்சிலரம்மாவால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. எவளோ ஒருத்தியின் வயிற்றெரிச்சலுக்கு இந்த மனிதர் இப்படி நோகணுமா? காலில் விழுந்தாவது புகாரை வாபஸ் வாங்க வைத்துவிடுவது என்று, வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்குள் போய் அந்த நம்பரை அழுத்தினார்.

சமையலறை ஜன்னலுக்குள் போன் அடித்தது.

எட்டிப் பார்த்தார். ஒரு கையில் காய் நறுக்குகிற கத்தி, மறு கையில் போன். திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றாள் டிரைவரின் மருமகள்.

“நீயா?”

“அக்கா, மெதுவா... மாமா காதுல விழுந்துடும்.”

“விழட்டுமே! சொந்த மாமனார் தோட்டத்து மேலயே புகார் கொடுத்திருக்கியே, உனக்கெல்லாம் மனசாட்சி இருக்கா? அந்த இடத்தைக் காலி பண்ணி அங்க என்ன மாளிகையா கட்டப்போறே?”

அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

“ஒண்ணும் கட்டலக்கா. அத்தை போனப்புறம் மாமா பேச்சையே விட்டுட்டார். சாப்பிடுங்கன்னா சாப்பிடுவார், படுங்கன்னா படுப்பார். மத்த நேரமெல்லாம் சுவரைப் பார்த்துக்கிட்டு உக்கார்ந்திருப்பார். அப்பத்தான் கொடி விளக்கை மறைக்குதுன்னு யாரோ நெஜமாவே சொல்லி, நீங்க முதல் தடவை வந்தீங்க. ஞாபகம் இருக்கா? எழுந்து நின்னு உங்களை என்ன திட்டு திட்டினார்! அன்னைக்குத்தான் மண்வெட்டியைத் தொட்டார். ‘இன்னும் கொஞ்சம் சாப்பாடு போடும்மா’ன்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.”

மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அதுக்கப்புறம் அவர் எப்ப சுவரைப் பார்த்து உக்கார்ந்தாலும் உங்களுக்கு ஒரு போன் போட்டுடுவேன். இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கலக்கா. எப்படியாவது நிறுத்துங்க.”

கவுன்சிலரம்மா அங்கேயே நின்று போனில் தலைவரைக் கூப்பிட்டார். “புகார் கொடுத்தவங்களே வேணாம்னுட்டாங்க. வேலியை நானே நின்னு ஒழுங்கு பண்ண வைக்கிறேன். ஆள் அனுப்பாதீங்க. அடுத்த கூட்டத்துல என்னைப் பார்த்துச் சிரிக்கிறவங்க சிரிச்சிட்டுப் போகட்டும்.”

வாசலுக்கு வந்தார். டிரைவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

“ஐயா, கவலைப்படாதீங்க. யாரும் வெட்ட வரமாட்டாங்க.”

அவர் இரண்டு கையாலும் கும்பிட்டார்.

“இனிமே புகாரும் வராது” என்றார் கவுன்சிலரம்மா.

கும்பிட்ட கை அப்படியே இறங்கியது.

“ஐயையோ... இனிமே போன் பண்ண மாட்டாளா?”

கவுன்சிலரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உங்களுக்கு... தெரியுமா?”

“ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு எப்படிம்மா தெரியாமப் போகும்? நான் பேசாம உக்கார்ந்தா அவ தவிச்சுப் போயிடுறா. பெத்த மகன்கூட வேலை வேலைன்னு ஓடுறான். இவ என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருக்கா. நான் நாலு சத்தம் போட்டாத்தான் அந்தப் பொண்ணு நிம்மதியா மூச்சு விடுது.”

சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“போறதுக்கு முன்னாடி என்னைக் கொஞ்சம் சத்தமாத் திட்டிட்டுப் போங்கம்மா. அவ உள்ளேருந்து கேட்டுக்கிட்டிருப்பா.”