ஐந்து கையெழுத்து

"ஐஞ்சு பேர் கையெழுத்து வைச்ச பைலை மூண்டாம் தரமும் திருப்பி அனுப்பியிருக்கிறீர். உமக்கு என்னதான் பிரச்சினை, பிரேமினி?"

மனேஜர் றோய் பைலை மேசையில் போட்டார். மன்னார் நகரில், மிதிவெடி அகற்றும் கம்பனி ஒன்றின் கந்தோர் அது. வெடி எடுத்து முடிந்த காணிகளின் பத்திரங்களைச் சரிபார்த்து, மாவட்ட அரச அலுவலகமான கச்சேரிக்கு அனுப்புவது பிரேமினியின் வேலை. சேர்ந்து நான்கு மாதந்தான்.

"கணக்கு இடிக்குது சேர். படத்தில பதினாலு ஏக்கர். நாளாந்த அறிக்கையளைக் கூட்டினா பதின்மூண்டுதான் வருது. வாய்க்கால் மூலையில ஒரு ஏக்கரை ஒருத்தரும் தொடேல்லைப் போல கிடக்கு."

"கூட்டலில பிழை விட்டிருப்பினம்."

"அப்பிடியெண்டா நல்லது. போய்ப் பாத்திட்டுச் சொல்லுங்கோ எண்டுதான் திருப்பி அனுப்பினனான். ஒவ்வொரு தரமும் 'சரி' எண்டு எழுதி வருது. ஒருத்தரும் போகேல்லை."

றோய் மேசை லாச்சியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"இது அடம்பன் பக்கத்துச் சனம் கச்சேரிக்குக் குடுத்த பெட்டிசம். இருபத்திமூண்டு குடும்பம். மழைக்கு முன்னம் விதைக்காட்டி இந்தப் போகமும் இல்லை. 'எங்கள் காணியை மறித்து வைத்திருப்பவருக்கும் பிள்ளை குட்டி இருக்குந்தானே' எண்டு எழுதியிருக்கினம். வாசியும்!"

பிரேமினி வாசித்தாள். கடைசியில் இருந்த பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"உமக்கென்ன, பின்னேரம் வீட்டை போய்ச் சோறு திண்டிட்டுப் படுப்பீர். அந்தச் சனமெல்லோ தறப்பாள் கொட்டிலுக்குள்ள கிடந்து அவியுது."

அவள் பைலைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள்.

றோய்க்கு இன்னொரு தலையிடியும் இருந்தது. ஒரு பத்திரம் ஐந்து மேசையைக் கடக்க நாற்பது நாள் எதற்கு என்று கொழும்புத் தலைமைக் கந்தோர் கேட்டிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அவர் ஒரு வழி சொல்ல வேண்டும். கையெழுத்து வைத்தவர்களில் அன்று கந்தோரில் நின்ற குழுத் தலைவர் யோசேப்பையும் மேற்பார்வையாளர் டொமினிக்கையும் கூப்பிட்டார்.

"யோசேப், அந்த மூலையை நீர் பாத்தனீரோ?"

"டொமினிக் அண்ணை மேல பாப்பார்தானே எண்டு கையெழுத்து வைச்சனான் சேர்."

"டொமினிக்?"

"யோசேப் கீழ பாத்திருப்பான் எண்டு நான் வைச்சனான். அதோட, எனக்கு மேல நீங்கள் இருக்கிறியள்தானே?"

றோய் இருமினார்.

"சேர், ஒரு யோசினை," என்றாள் பிரேமினி. "ஐஞ்சு கையெழுத்து வேண்டாம். ஒண்டு காணும். ஆனா அதைக் கந்தோரில இருந்து வைக்கக் கூடாது. காணிக்குள்ள நடந்து போய், நடுவில நிண்டு வைக்க வேணும்."

டொமினிக் சிரித்தார். "மேசை கதிரையும் கொண்டு போவமோ தங்கச்சி?"

"தேத்தண்ணியும் கொண்டு வாறன் அண்ணை."

ஒரே கையெழுத்து என்றதும் றோயின் முகம் தெளிந்தது. கொழும்புக்கு எழுத நல்ல விஷயம்.

"சரி, இண்டைக்கே பாப்பம். அந்த மூலையில நிண்டு கையெழுத்து வைச்சுக் காட்டிறம். பிறகு நீர் திங்கக்கிழமை வேலைக்கு வரத் தேவையில்லை."

"ஓம் சேர்."

மூன்று மணிக்கு ஜீப் வயலோரத் தெருவில் நின்றது. வெட்டைவெளி முழுவதும் செருக்கித் துப்புரவாகக் கிடந்தது. வாய்க்கால் மூலையில் மட்டும் புல் இடுப்பளவு நின்றது.

"இறங்குங்கோ சேர். அந்தா, அந்த மூலை. சனம் வாய்க்காலுக்கு இறங்கப் போறது அதாலதான்."

றோய் கதவைத் திறந்து ஒரு காலைத் தெருவில் வைத்தார். மற்றக் கால் ஜீப்பிலேயே இருந்தது.

"டொமினிக், இது உம்மட பகுதிதானே. நீர் முன்னுக்குப் போம்."

"நான் மூக்குக்கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன் சேர். யோசேப்புக்குத்தான் இடம் வடிவாத் தெரியும்."

யோசேப் தன் செருப்பைப் பார்த்தார். "வார் அறுந்து போச்சு," என்றார்.

"ஐஞ்சு கையெழுத்து இருக்கே அண்ணை," என்றாள் பிரேமினி மெல்ல.

றோய் காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினார். பைலை மடியில் விரித்து, தன் கையெழுத்துக்குக் குறுக்கே இரண்டு கோடு இழுத்தார். பேனையைப் பின்னுக்கு நீட்டினார். மற்ற இருவரும் தங்கள் பெயர்களை வெட்டினார்கள்.

"திரும்பச் செய்ய எத்தினை நாள்?"

"ரண்டு கிழமை சேர்," என்றார் யோசேப்.

"அதுக்குள்ள மழை வந்திடும்," என்றார் டொமினிக். "சனம் எங்களைத் திட்டித் தீக்கப் போகுது."

"திட்டட்டும்," என்றாள் பிரேமினி.

றோய் திரும்பி அவளை ஒருமுறை பார்த்தார். "திங்கக்கிழமை நேரத்துக்கு வாரும்," என்றார்.

அவள் தன் தறப்பாள் கொட்டிலுக்கு வந்து சேர்ந்தபோது தூறல் தொடங்கியிருந்தது. தாய் மனோன்மணி தேத்தண்ணியை நீட்டினாள்.

"விதைநெல்லை இனி அவிச்சுக் குத்தித் தின்ன வேண்டியதுதான். எடி பிள்ளை, உன்ர கந்தோரிலதானே எங்கட வயல் பைலை மறிச்சு வைச்சிருக்கினம்? ஆரடி அந்த அறுவான்? பேரை மட்டும் அறிஞ்சு வந்து சொல்லு."