பட்டாக்காரர் நின்ற இடம்

வரப்பு எங்கே என்று கேட்டார்.

தண்ணீருக்குள் என்றாள் அவள்.

பட்டாக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்த வேட்டி. விவசாயி மாதிரி இருக்கட்டும் என்று வழியில் வாங்கிய துண்டு தோளில் கிடந்தது, விலைச்சீட்டோடு.

கதிர் வரும் நேரத்தில் மழை. சம்பா முழுகிப் போயிற்று. கண்ணுக்கு எட்டியவரை ஒரே தண்ணீர்.

உழுதது அவள். நட்டது அவள். விதையும் உரமும் அவள் காதிலும் கழுத்திலும் கிடந்தவை. குத்தகை வெறும் வாய்ப்பேச்சு.

நிவாரணம் பட்டாவில் பேர் உள்ளவருக்கு. அவர் வயலில் நிற்க, வேளாண் அலுவலர் போனில் படம் எடுக்க வேண்டும். எடுத்த இடத்தைப் போன் பதிந்துகொள்ளும். இடம் தப்பினால் பணம் கிடையாது.

பாதியாவது கொடுங்க, மறுபடி விதைக்கணும் என்று கார் அருகே கேட்டிருந்தாள்.

"பாத்துச் செய்றேம்மா."

கொடுக்க மனமில்லாதவன் கடையில் இதைவிட மலிவான சரக்கு இல்லை. அவள் வாங்கிக்கொண்டாள். வேறு கடையும் இல்லை.

வழி காட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பாதி வழியில் காலில் முள். குனிந்தாள்.

அவள் நின்றதும் அவரும் நின்றார். எதிரே தண்ணீர். முகத்தில் துக்கத்தை வரவழைத்தார். இரவல் சட்டை போல, அளவு சற்றுப் பெரிது.

இறங்கினார்.

அது ஊர்க்குளம்.

வயல் இன்னும் நாலு வரப்பு தள்ளி. ஐயா என்று சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் வேளாண் அலுவலர் வந்துவிட்டார். இந்தப் பக்கத்துக்குப் புதிது. பூட்ஸ் நனையாமல் கரையிலேயே நின்றார்.

"இந்தம்மா யாரு சார்? சாகுபடி பண்றவங்கன்னா நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, அவங்க பேர்லயே எழுதிரலாம்."

அவள் நிமிர்ந்தாள்.

"சேச்சே. களை பறிக்க வர்ற ஆளு. சாகுபடியெல்லாம் நம்மதான் சார். தாத்தா காலத்து மண்ணு. கண்ணக் கட்டி விட்டாலும் காலு கண்டுபிடிச்சிரும்."

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அவர் தண்ணீருக்கடியில் காலால் தட்டிக் காட்டினார்.

"எவ்ளோ கெட்டி பாருங்க!"

படித்துறைக் கல். கெட்டியாகத்தான் இருக்கும்.

க்ளிக். போன் இடத்தைப் பதிந்துகொண்டது.

அலுவலர் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"சேதம் பத்தல சார். மூஞ்சிய இப்படியே வச்சிக்கிட்டு, கொஞ்சம் பின்னால போங்க."

மூஞ்சி அப்படியே இருந்தது. கால் பின்னால் போனது.

அவள் முள்ளைப் பிடுங்கி எறிந்தாள். தன் வயலைப் பார்த்து நடந்தாள். வடிகாலை வெட்டிவிட்டால் மேட்டுப்பக்கம் ஒரு மூட்டையாவது தேறும்.

"இன்னும் கொஞ்சம் சார். அருமை. இன்னும் கொஞ்சம்."

குளத்துக்கு எத்தனை படி என்று அவளை யாரும் கேட்கவில்லை.