வெல்வெட் போர்வையும் குதிரையும்

மழை விட்டபாடில்லை. லாயத்துக் கூரையில் ஒழுகாத இடம் ஒன்றுதான் இருந்தது. அங்கே கொடி கட்டி, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கான வெல்வெட் போர்வையைத் தொங்கவிட்டிருந்தார் குதிரைக்காரர் துரைக்கண்ணு. குதிரை சேற்றில் நின்றது.

“கொஞ்சம் தள்ளிக்கொள். ஈரத்திலேயே நின்று என் குளம்பு அழுகுகிறது,” என்றது குதிரை.

“நான் நனைந்தால் சாயம் போய்விடும். நீ உடம்பை உதறினால் காய்ந்துவிடுவாய்,” என்றது போர்வை.

“அழுகிய குளம்பை எப்படி உதறுவதாம்?”

அப்போது துரைக்கண்ணு வந்தார். போர்வையை மட்டும் தடவிப் பார்த்தார். “நல்லவேளை, ஈரம் படவில்லை,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மழை விட்டதும் ஒரு கல்யாணம் வந்தது. மேளம் முழங்கியது. குதிரையின் முதுகில் போர்வை பளபளத்தது. மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். குதிரை முன்னங்காலைத் தூக்கியது. ஆனால் வலியில் அதைத் தரையில் ஊன்ற முடியவில்லை. துரைக்கண்ணு கடிவாளத்தைப் பிடித்து இழுத்தார்.

“நட, ஊரே பார்க்கிறது. எனக்கு மானம் போகிறது,” என்று முணுமுணுத்தது போர்வை.

“மழைக்காலம் முழுக்க நீதானே சௌக்கியமாக இருந்தாய்? மாப்பிள்ளையை நீயே தூக்கிக்கொண்டு போ,” என்றது குதிரை.

மாப்பிள்ளை இறங்கி நடந்தார். துரைக்கண்ணு அப்போதுதான் குனிந்து குளம்பைப் பார்த்தார்.